ஏறாத இறங்காத மூச்சு

வாயால் ஊதினால் வயிற்றுக்குள் நடப்பது தெரியுமாம் என்று கேட்டதும், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்ப தலைக்கு ஊத்துற நாள இனி மெஷின்கிட்ட கேட்டுக்கலாம்டி!" என்றாள் மதுஷா. சிரித்தாலும் போனார்கள். வாரம் ஒரு தடவை, காலைப் பெரட்டில் பேர் கொடுத்து முடிந்ததும், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் பின் அறையில் டொக்டர் ஷிஹானா நீட்டும் வெள்ளி நிறப் பையில் ஊதிவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுவார்கள். மாதவிலக்கையொட்டிப் பெண்களின் மூச்சிலுள்ள வாயுக்கள் கூடிக் குறைவதை அளக்க அவர் பதுளையிலிருந்து வந்திருந்தார்.

தயானி ஒரு நாளும் தவறவில்லை. அவளுக்கு ஆராய்ச்சியா முக்கியம்? கல்யாணமாகி மூன்றாவது வருடம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. மாமியார் லெட்சுமி வாய்க்கு வந்தபடி ஏசி அலுத்து, மகனுக்கு மொனராகலையில் வேறு பெண்ணும் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் பேசி முடிக்க வருகிறார்கள். அதற்குள் தன் உடம்பில் என்ன குறை என்று தெரிந்தால், மருந்து இருக்கிறது, பொறுங்கள் என்று காலில் விழுந்தாவது கேட்கலாம்.

அன்று ஷிஹானா கதவைச் சாத்திவிட்டு மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மற்றப் பெண்களின் கோடுகள் ஏறி இறங்கின. தயானியின் கோடு நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடந்தது.

"இது ஆராய்ச்சிதான் தங்கச்சி, இதை வெச்சு மட்டும் ஒண்டும் சொல்லேலா. ஆனா உங்களுக்கு மாசாமாசம் சரியா வருதுதானே?"

"நாள் தவறாம வருதுங்க மிஸ்."

"வந்தும் மூச்சு மாறல்ல. நீங்க குடிக்கிற மாத்திரைட பேர் தெரியாதுன்னு சொல்லி, மாப்பிள்ளைட நம்பரத் தந்தீங்களே? காலையில கோல் எடுத்தன். இரும்புச்சத்துன்னு சொன்னார். அது என்ன கலர்?"

தயானிக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்தில் எந்தப் பெண்ணுக்கு இரத்தம் போதுமாக இருக்கிறது? கிளினிக்கில் எல்லோருக்கும் அந்த மாத்திரைதானே. அவள் புருஷன் புவனேந்திரன் மட்டும் அதைத் தானே வாங்கி வந்து, தானே உரித்து, தண்ணீரோடு கையில் கொடுப்பான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வான். எந்தப் புருஷன் பெண்டாட்டியை இவ்வளவு கவனிக்கிறான்?

"வெள்ளதாங்க. தலைக்கு ஊத்துற வாரம் மட்டும் பிரவுன்."

ஷிஹானாவின் முகம் மாறியது. "பிரவுன்தான் இரும்புச்சத்து. வெள்ளை, பிள்ளை தங்காம இருக்கக் குடுக்கிறது போல இருக்கு. ரெண்டும் ஒரே அட்டையில வாறது. நான் அந்த அட்டையக் காணணும் தங்கச்சி. இனி அதைக் குடிக்க வாணாம்."

மலையில் அன்று அவள் கை கொழுந்தை விட்டுவிட்டு முற்றிய இலையைக் கிள்ளியது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்பார்கள். இந்தப் பாவி தொட்டிலே கட்டவிடாமல் அல்லவா தாலாட்டியிருக்கிறான்! இத்தனை நாளும் ஏசியவளைச் சபித்தாள், ஏசாதவனைக் கும்பிட்டாள். மொனராகலைப் பேச்சு வரும்போதெல்லாம், "அம்மா சொல்லுது, நான் என்னா செய்ய?" என்று அவன் தலை குனிந்ததை நினைக்க நெஞ்சு கொதித்தது. இன்னொருத்தியைக் கட்ட அவனுக்கு ஒரு மலடி தேவைப்பட்டிருக்கிறாள். அவன் அப்புத்தளைக் கடை வேலை முடிந்து வருவதற்குள் அட்டையை எடுத்துவிட வேண்டும். கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் லயத்து வீட்டுக்கு ஓடினாள்.

அவன் வந்திருந்தான். அவன் மாத்திரை வைக்கும் பெட்டி திறந்து கிடந்தது. அடுப்பில் பிளாஸ்டிக் கருகி நாறியது. எரிவது எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"டொக்டர் கோல் எடுத்துச்சு," என்றான், எப்போதும்போல மெதுவாக. "இனி ஊதப் போக வேணாம் புள்ள."

"ஏங்க?"

"ஞாயித்துக்கெழம ஆளுங்க வாறாங்க. வீட்டப் பாரு." உள்ளங்கையை நீட்டினான். ஒரு வெள்ளை மாத்திரை.

"இன்னும் சாப்பிடலைங்களே."

"பரவால்ல."

அவள் அதை வாங்கி நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடித்தாள். பின்னாலிருந்து லெட்சுமி வந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். மாமியாருக்கும் எல்லாம் தெரியும் என்று தயானிக்கு அப்போதுதான் விளங்கியது.

புவனேந்திரன் போன் வெளிச்சத்தை அவள் முகத்தில் அடித்தான்.

"நாக்கத் தூக்கு."

இத்தனை நாளில் அவன் அப்படிச் சொன்னதே இல்லை. தயானி விழுங்கினாள். பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.