ஊரே மணக்கும் நாப்பி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஒருமுறை கட்டித் தூக்கி எறியும் டயப்பர் என்ற அநாகரிகம் இன்றோடு இந்த வீட்டில் அடியோடு ஒழிக்கப்படுகிறது. பூமித்தாயின் மடியில் இனி நம் வாரிசின் மூட்டை ஒன்றுகூட விழாது. பருத்தித் துணி நாப்பி மட்டுமே கட்டப்படும். அவற்றைத் துவைக்கும் திருப்பணியைக் குழந்தையின் தகப்பனாரே மனமுவந்து ஏற்றுக்கொள்கிறார்.

அறிவித்தவரும் அந்தத் தகப்பனார்தான். விளம்பர வசனம் எழுதிப் பிழைப்பவர். குழந்தையைப் பார்க்க வந்திருந்த மனைவி வீட்டாரின் நடுவில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். யாரும் கைதட்டவில்லை. மச்சான் மட்டும் பிஸ்கட்டைக் கடித்தபடி கேட்டான்.

"அத்தான், துவைக்கிறதுன்னா மெஷின்ல போடறது மட்டும் இல்ல. அதுக்கு முன்னாடி ஒரு கட்டம் இருக்கு, தெரியும்ல?"

"அழுக்குங்கறது மனசுல இருக்கு மாப்ள."

"இருக்கட்டும். ஆனா கையிலதான் ஒட்டும்."

மனைவி குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவளுக்கு ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊர்க்காரர்கள் சின்ன டப்பாக்களில் அடைத்துக் கொண்டுவந்து, வேறெங்கோ பார்த்தபடி மேசையில் வைத்துவிட்டு நழுவுவதையெல்லாம் திறந்து பார்ப்பது அவள் உத்தியோகம். பிரசவ விடுப்பு முடியப் போகிறது.

"ரொம்ப நல்லதுங்க," என்றாள். "அங்க அடுத்தவங்களோடது, இங்க நம்மளோடதுன்னு என்னால ரெண்டு ஷிஃப்ட் பாக்க முடியாது. வாக்கு குடுத்துட்டீங்க. எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் சாட்சி."

பாத்ரூம் மூலையில் மூடி போட்ட வாளி ஒன்று வந்து உட்கார்ந்தது. மறுநாள் காலையில் அந்த மூடியைத் திறந்ததும் அவருக்குப் பூமித்தாய் மறந்துபோனாள்.

பள்ளிக்கூடத்தில் அம்மோனியா என்று படித்தது இதைத்தான் போலிருக்கிறது. மூக்கில் ஏறி, கண்ணில் இறங்கி, தொண்டைக்குள் வந்து சம்மணம் போட்டுக்கொண்டது. அதன் பின்னாலேயே, அவசரமே இல்லாமல், புளித்த பாலும் அழுகின முட்டையும் கலந்த இன்னொரு நாற்றம் வந்தது. செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரல்களால் ஒரு நாப்பியைத் தூக்கினார். அரைத்த கடுகின் நிறத்தில் ஒரு கட்டி அதிலிருந்து நழுவி, நிதானமாக அவர் கட்டைவிரல்மேல் இறங்கியது. சூடாக இருந்திருந்தாலாவது உயிருள்ள ஒன்றிலிருந்து வந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். சில்லென்றிருந்தது.

குழாயை முழுவேகத்தில் திறந்து துணியை அதன் அடியில் நீட்டினார். துணியில் இருந்ததில் பாதி தண்ணீரோடு போனது. மீதிப் பாதி தெறித்துக் கிளம்பி அவர் கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் வந்தது. இந்த மாதிரி வேலைகளில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஞானம் அந்தக் கணத்தில்தான் அவருக்குப் பிறந்தது. ஒரு கணம் முன்னால் பிறந்திருக்கலாம்.

அவர் கொப்பளிக்கும் சத்தம் வெளியே கேட்டது. "என்னங்க," என்று மனைவி குரல் கொடுத்தாள், "பூமித்தாய் சௌக்கியமா இருக்காளா?"

ஆனால் அவரிடம் ஓர் ஆயுதம் இருந்தது. துவைத்த துணிக்கு மணமும் மென்மையும் தரும் வாசனைத் திரவம். அந்தப் புட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் "ஒரு மூடி ஊற்று, ஊரே மணக்கும்" என்ற வசனம் அவர் பெற்ற முதல் பிள்ளை. கம்பெனிக்காரர்கள் அந்தச் சந்தோஷத்தில் பெட்டி பெட்டியாகக் கொடுத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்த வசனத்தைத் தானே நம்பிவிடுவது அந்தத் தொழிலில் யாருக்கும் வரக்கூடாத வியாதி. அவருக்கு வந்திருந்தது. சோப்புத்தூளைப் பேருக்குத் தூவி, பச்சைத் தண்ணீரில் மெஷினைக் கொஞ்சநேரம் சுற்றவிட்டு, திரவத்தை மட்டும் அரைப் புட்டி கவிழ்த்தார்.

கொடியில் காய்ந்த நாப்பிகள் பூந்தோட்டமாக மணந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மனைவியின் மூக்கில் வைத்தார். அவள் தும்மினாள்.

அந்தப் பூந்தோட்டத்தைக் குழந்தைக்குக் கட்டி மடியில் வைத்துக்கொண்ட சற்றுநேரத்தில் அவர் வேட்டி நனைந்தது. துணி ஒரு சொட்டுகூடக் குடிக்காமல், வந்ததை வந்தபடி அவரிடம் அனுப்பிவைத்திருந்தது. கூடவே ஒரு வாடை. ரோஜாத் தோட்டத்துக்குள் யாரோ ஒதுங்கிவிட்டுப் போனதுபோல. மணம் போதவில்லை என்று முடிவு செய்து, அடுத்த தடவை முழுப் புட்டியையும் கவிழ்த்தார். அதற்கடுத்த தடவையும்.

வெள்ளிக்கிழமை, குழந்தையைக் காப்பகத்தில் பழக்கிப் பார்க்கக் கொண்டுபோய் விட்டார்கள். திரும்ப அழைத்துவரப் போனபோது காப்பகத்து அக்கா குழந்தையைக் கையெட்டும் தூரத்தில் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள்.

"பாப்பா தங்கம் சார். ஆனா அது கட்டிட்டு வர்றத சகிக்க முடியல. பக்கத்துல படுத்திருந்த குழந்தை அந்தாண்ட போயிடுச்சு. இன்னும் தவழக்கூடப் பழகாத குழந்தை சார். உருண்டே போயிடுச்சு."

"அது பூ வாசனை அக்கா."

"எந்த ஊர்ல சார் பூக்குது அது?" அவள் நாப்பியை விலக்கிக் காட்டினாள். தொடை இடுக்கு வெந்ததுபோல் சிவந்திருந்தது. "திங்கட்கிழமையும் இப்படியே வந்தா சேத்துக்க மாட்டேன். மத்த குழந்தைங்களும் இருக்கு."

விஷயத்தைக் கேட்ட மனைவி வழக்கம்போல் கேலி செய்யவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"திங்கட்கிழமை லீவு முடிஞ்சு நான் போய் நிக்கலைன்னா அந்த இடத்துல வேற ஆளப் போட்டுடுவாங்க," என்றாள். "நாத்தம் புடிச்ச வேலைதான். ஆனா என் வேலை."

"இன்னும் கொஞ்சம் வாசனை சேத்தா..."

"மூக்கப் பொத்துங்க. அதுதான் உங்கள ஏமாத்துது. துணியில தண்ணிய ஊத்திப் பாருங்க."

சனிக்கிழமை காலையில், மடித்துவைத்திருந்த நாப்பி ஒன்றை எடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. தாமரை இலைமேல் ஓடுவதுபோல் முத்து முத்தாக உருண்டு அவர் காலில் விழுந்தது. தடவிப் பார்த்தார். மெழுகு பூசியதுபோல் வழுவழுத்தது. ஊரே மணக்க ஊற்றியது எதையும் கழுவவில்லை. உள்ளே இருந்ததை உள்ளேயே வைத்துப் பூசி மெழுகியிருக்கிறது.

எல்லா நாப்பிகளையும் வாளியில் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினார். பூசியது இளகியதுதான் தாமதம், அடைபட்டுக் கிடந்த பழைய மூத்திரம் அத்தனையும் ஆவியாகி, பூமாலை போட்டுக்கொண்டு எழுந்து வந்தது. தண்ணீர் சாம்பல் நிறத்தில் நுரைத்து, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. குடல் வாய்க்கு வந்தது. அவசரத்தில் எட்டிய இடம் அந்த வாளிதான். அதையும் சேர்த்துக் கழுவினார்.

அப்புறம் வசனம் எதுவும் இல்லாமல் வேலை நடந்தது. பச்சைத் தண்ணீரில் அலசி, கறையைப் பிரஷ்ஷால் தேய்த்து, வேண்டிய அளவு சோப்புத்தூள் போட்டு, சுடுதண்ணீரில் நெடுநேரம் சுற்றவிட்டார். பிறகு நுரை நிற்கும்வரை வெறும் சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப. நகக்கண்ணில் ஒட்டியதைக் குச்சியால் நோண்டினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் காய்ந்த நாப்பிகள் முரமுரவென்று இருந்தன. தண்ணீர் தெளித்தார், சட்டென்று குடித்தது. முகர்ந்தார். ஒன்றுமே இல்லை. விளம்பரம் எழுத வழியே இல்லாத வாசனை.

திங்கட்கிழமை காலை காப்பகத்து அக்கா குழந்தையை வாங்கிக் குனிந்து முகர்ந்தாள். "இப்பத்தான் சார் குழந்தை மாதிரி இருக்கு," என்று இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் டப்பாக்களை நோக்கி நடந்தாள்.

ஆபீஸ் போகும் வழியெல்லாம் அவர் மனசுக்குள் ஒரு பிரகடனம் உருவாகிக்கொண்டிருந்தது. நாம் விற்பது சுத்தமல்ல, பூச்சு. இந்தப் பொய்க்கு இனி என் பேனா துணைபோகாது. முதலாளி முன்னால் எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும்.

முதலாளியின் மேசைமேல் அதே திரவத்தின் புதுப் புட்டி இருந்தது. இளஞ்சிவப்பு நிறம். மேலே ஒரு குழந்தை சிரித்தது. "குழந்தைத் துணிக்குன்னே தனியா எறக்கறாங்க. மத்தியானத்துக்குள்ள வசனம் வேணுமாம்," என்றார் முதலாளி.

தகப்பனார் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். பிறகு உட்கார்ந்து, "தாய்மடியின் மென்மை, தளிர்மேனிக்கும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டு சாப்பிடப் போனார்.