தாழ்ப்பாள் உள்ள அறை

லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் மலர்க்கொடி முதலில் பார்த்தது கதவின் தாழ்ப்பாளைத்தான். கட்டைவிரல் தடிமனுக்கு இரும்பு. மேலே ஒன்று, நடுவில் ஒன்று. கட்டில், பேன், ரசம் போன கண்ணாடி எல்லாம் பிறகுதான் கண்ணில் பட்டன.

உத்திரமேரூர் ஏரிக்கு மேற்கே இருக்கிற அவள் வீட்டுக்குக் கதவு கிடையாது. பனையோலைப் படல்தான். இழுத்துச் சாத்தினால் நாய் வராது, அவ்வளவுதான் அதன் காவல். ஒரே அறை. அதில் மாமியார் சொக்கம்மாள், கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு நாத்தனார்கள், மழை வந்தால் ஆடுகள்.

கல்யாணமான ஏழாம் மாதம், எண்பதாம் வருஷம், அவள் புருஷன் கன்னியப்பன் மஸ்கட்டுக்குக் கம்பி கட்டுகிற வேலைக்குப் போனான். அப்போது அவளுக்கு மூன்று மாதம். அவன் போன பதினைந்தாம் நாள் நடவு. "புள்ளத்தாச்சின்னு குந்திக்கினா கஞ்சிய யாரு ஊத்தறது?" என்று சொல்லி நாற்றுக்கட்டைச் சொக்கம்மாள்தான் அவள் தலையில் ஏற்றிவிட்டாள். நாலாவது நடையில் வயல் சேற்றிலேயே கலைந்துபோனது. அதைப் பற்றி மாமியாரும் மருமகளும் அன்றைக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூன்று வருஷம் கழித்து நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தான் கன்னியப்பன். பெயர்தான் லீவு. வந்த மூன்றாம் நாள் கடைக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டான். தங்கச்சிகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் படலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள், செங்கல் வீடு வேண்டும் என்றான். அவனும் அவளும் கொத்தனாருக்குச் சித்தாளாகக் கலவை சுமந்தார்கள். நடுவில் சில சமயம் சட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கேட்டால் "புடிப்பு" என்பான். ராத்திரியில் சிமெண்ட் திருடு போய்விடும் என்று மூட்டைகளின் மேலேயே படுத்தான். சுவர் மட்டும் எழும்பி, சிமெண்ட் தீர்ந்த பிறகும் காலிக் கோணியை விரித்து அங்கேயே படுத்தான்.

மலர்க்கொடிக்கு வேண்டியது ஒன்றுதான். அவன் விமானம் ஏறுவதற்குள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்க வேண்டும். அடுத்த லீவுக்கு இன்னும் மூன்று வருஷம். இப்போதே அவளுக்கு இருபத்தாறு.

விமானம் செவ்வாய்க்கிழமை விடியற்காலை. ஊரிலிருந்து இதற்கு முன் போனவர்கள் திங்கட்கிழமை கடைசி பஸ்ஸைப் பிடித்து, மீனம்பாக்கத்தில் ஏர்போர்ட் வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்துதான் போனார்கள். மலர்க்கொடி ஒரு பரங்கிக்காயையும் இரண்டு படி காராமணியையும் தூக்கிக்கொண்டு, ஊரில் நாள் பார்த்துச் சொல்கிற பஞ்சாட்சரத்திடம் போனாள்.

"சாமி, திங்கக்கெயம காத்தாலயே கெளம்பணும்னு நீங்க சொல்லணும்."

"எதுக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். "ராத்திரி எங்கனா ஒரு கூரைக்கு அடியில தங்கணும்னும் சொல்லணும்."

பஞ்சாட்சரம் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அவளைப் பார்த்தார். சிரிப்பை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். "பொய் சொல்ற வேலயே இல்லம்மா. மத்தியானம் ரெண்டு மணிக்கு அஷ்டமி பொறக்குது. ஒம்போதுலேந்து பத்தரைக்குள்ள வாசப்படி தாண்டிடணும். பரஸ்தானம் இருந்துட்டுத்தான் ஏறணும். காய அந்தாண்ட வச்சுட்டுப் போ."

பரஸ்தானம் என்றால், பயண நேரம் சரியில்லாதபோது முன்கூட்டியே நல்ல நேரத்தில் வீட்டை விட்டு இறங்கி, பயணம் வரைக்கும் வேறொரு கூரையின் கீழ் தங்குவது. இறங்கியவன் திரும்பி வந்து படி ஏறக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. அஷ்டமி என்று கேட்டதும் சொக்கம்மாள் மறுபேச்சுப் பேசவில்லை. ஏர்போர்ட்டுக்கு எதிரே லாட்ஜ் இருப்பதாகக் கொத்தனார் சொன்னார்.

எல்லாம் மலர்க்கொடி நினைத்தபடியே நடந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு உத்திரமேரூரில் செங்கல்பட்டு பஸ் கிளம்பும்போது மட்டும், வழியனுப்ப வந்த சொக்கம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் ஏறிவிட்டாள்.

"நீ எங்கம்மா வர்ற?" என்றான் கன்னியப்பன்.

"இன்னாடா எங்கம்மா? பெத்தவ பிளேன் வரைக்கும் வந்து அனுப்ப வாணாமா? நவுந்து குந்து."

மலர்க்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னியப்பன் முகத்தில் சந்தோஷம் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

லாட்ஜ் மேனேஜர் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "கட்டில் ஒண்ணுதான்."

"நாங்க இன்னா கட்டில்லயா பொறந்தோம்? தரை கீதுல்ல?" என்றாள் சொக்கம்மாள்.

மாலையில் ஜன்னல் கம்பிகள் அதிர ஒரு விமானம் தலைக்கு மேலே போனது. சொக்கம்மாள் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டாள். பிறகு வெளியே வந்து, "இதுலயா நைனா போவப் போற? பெல்ட்டு கில்ட்டு போட்டு கட்டுவானுங்களா?" என்றாள். மூவரும் சிரித்தார்கள். இலையைப் பிரித்துப் புளிச்சோறு சாப்பிட்டார்கள். அவித்த முட்டை இரண்டு இருந்தது. சொக்கம்மாள் இரண்டையும் மகன் இலையில் வைத்தாள். அவன் ஒன்றை எடுத்து மலர்க்கொடி இலையில் வைத்தான். சொக்கம்மாள் அதைப் பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்து மலர்க்கொடி இலைகளை மடித்தாள். பாயைத் தரையில் விரித்தாள். அதில் மாமியாருக்கு எது, தனக்கு எது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். சொக்கம்மாள் கட்டிலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மருமகளின் கழுத்தில் புதிதாக அப்பியிருந்த மஞ்சளைப் பார்த்தாள். அந்தப் பரங்கிக்காய் எங்கே போனது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"எனுக்கு இந்த பேனு காத்து ஒத்துக்கல. தல பாரமா கீது. ரயில் ஸ்டேசன்ல பெஞ்சு கீது, நான் அங்க படுத்துக்கினு காத்தால வர்றேன்."

"வாணாம்மா," என்று கன்னியப்பன் வேகமாக எழுந்தான். "பேன நிறுத்திடறேன். நீயும் இங்கியே படு."

"ஏன்டா, ஒனுக்கு இன்னா பயமா கீதா?"

"அதுக்கில்லம்மா. ஸ்டேசன்ல கண்டவன் போவான் வருவான்."

"அறுவது வயசு கெயவிய எவன்டா தூக்கிக்கினு போவான்? தூக்கிக்கினு போனாலும் சோறு போடுவான்." வாசலில் நின்று மலர்க்கொடியைத் தன்பக்கம் இழுத்தாள். குரலை இறக்கினாள். "நாப்பது நாளா சிமிட்டி மூட்டைய கட்டிக்கினு படுத்தான், கேணப்பய. தாப்பாள போட்டுக்கோ. ரெண்டையும் போடு."

மலர்க்கொடி இரண்டையும் போட்டாள். அந்த இரும்புச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. கழுவி வைத்த டம்ளரைத் துடைத்தாள். கட்டில் விரிப்பை ஒருமுறை தட்டினாள். திரும்பினபோது கன்னியப்பன் ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"மாமா."

"உம்."

"ஒக்காரு."

"நிக்கறேன். நீ படு. காத்தால நாலு மணிக்கு எய்ந்திரிக்கணும்."

அவள் போய் அவன் தோளில் கை வைத்தாள். கலவைச் சட்டி சுமந்து காய்த்த கை. அவன் தோள் இறுகியது. கை கீழே இறங்கியபோது அவன் அதைப் பிடித்து நிறுத்திவிட்டான். முரட்டுத்தனமாகப் பிடிக்கவில்லை, பிடித்தபடியே விடாமல் நின்றான்.

"நான் ஒனுக்கு புடிக்கலயா?" என்றாள். "அங்க எவளயானா பாத்துக்கினியா? சொல்லிடு. அய மாட்டேன்."

"சீ."

"அப்ப இன்னா?"

அவன் தரையில் உட்கார்ந்தான். உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"பொங்கலுக்கு அடுத்த மாசம் சாரம் சரிஞ்சிபோச்சி," என்றான். "ரெண்டாவது மாடிலேந்து வுயுந்தேன். கீய தூணுக்கு நிறுத்தி வச்ச கம்பிங்க. அது மேல."

அவள் அவனுடைய காலை, கையை, வயிற்றை எல்லாம் பார்த்தாள்.

"அங்க இல்ல," என்றான். லுங்கியின் மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டு ஆப்ரேசன். எடுத்துட்டாங்க. இனிமே ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டான். கூட வேல செய்ற மலையாளத்தாளு ஒருத்தன்தான் எனுக்கு தமிய்ல சொன்னான்."

பேன் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் ஒருவன் வெகுநேரம் டாக்சிக்குப் பேரம் பேசினான்.

"கடுதாசில நல்லா கீறேன்னு எய்தினியே," என்றாள்.

"ஆசுபத்திரிலேந்துதான் எய்தினேன்."

"அது ஒன் கையெய்த்து இல்லன்னு வாத்தியாரு சொன்னாரு. வேல ஜாஸ்தி, யாராண்டயோ எய்தச் சொல்லிக்கீதுன்னு நெனச்சேன்." அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "சோறு யாரு ஊட்னா?"

"இன்னாது?"

"ஆசுபத்திரில ஒனுக்கு யாரு சோறு ஊட்னது?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. வாய் கோணிக்கொண்டது. "அந்த மலையாளத்தாளுதான். டூட்டி முடிஞ்சி வருவான்," என்றவன், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பம்பு செட்டு தண்ணீர் இல்லாமல் ஓடுகிற மாதிரி வறண்ட சத்தம். மலர்க்கொடி அவன் தலையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"அங்க போய் ஒனுக்கு கடுதாசி எய்தலாம்னு இருந்தேன்," என்றான் மடியிலிருந்தே. "மூஞ்சப் பாத்து சொல்ல முடியல. நீ பஞ்சாயத்துல வச்சி அத்துக்கினு பூடு. ஒன் வயசுக்கு எவனானா கட்டிக்குவான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அப்பிடி போனா, பஞ்சாயத்துல காரணம் கேப்பாங்களே. சொல்லுவியா?"

அவன் முகத்தை அவள் புடவையில் புதைத்துக்கொண்டான்.

"அத்தைக்கு சொல்லுவியா?"

"வாணாம்." தலையைத் தூக்கினான். அன்றைக்கு முழுக்க அவன் குரலில் இல்லாத வேகம் அப்போதுதான் வந்தது. "அம்மாக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா செத்துப் பூடும். ஊருல தெரிஞ்சா தங்கச்சிங்கள எவன் கட்டுவான்? எனுக்கு சத்தியம் பண்ணு."

"அப்ப மலடின்னு பேரு எனுக்கு."

அவன் தலை மறுபடியும் அவள் மடியில் விழுந்தது. அவள் சத்தியம் பண்ணவில்லை. பண்ண மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நெற்றியோரம் முடியில் இன்னும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள். அவன் சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனான். அவள் கால் மரத்துப்போனது. அசைக்கவில்லை. ஒரு பரங்கிக்காய் கொடுத்து இந்த ராத்திரியைக் கேட்டு வாங்கினவள் அவள்தான். கேட்காமல் இருந்திருந்தால், அந்தக் கடுதாசி வருகிற வரைக்கும் இன்னும் ஒரு மாதமாவது அடுத்த லீவை எண்ணிக்கொண்டு இருந்திருப்பாள்.

நாலு மணிக்கு அவனை எழுப்பினாள். முகம் கழுவச் சொன்னாள். பேண்ட் போட்டதும் பின்பக்கம் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். கதவைத் திறந்தபோது சொக்கம்மாள் ஏற்கெனவே வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் ஈரம். ஸ்டேஷன் குழாயில் குளித்திருக்கிறாள். கையில் வாழையிலைப் பொட்டலம்.

மகனின் சிவந்த கண்ணைப் பார்த்தாள். மருமகளின் வீங்கின இமையைப் பார்த்தாள். ராத்திரி தூங்கவில்லை என்பது தெரிந்தது. அவள் அதற்கு வைத்துக்கொண்ட அர்த்தம் அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. பொட்டலத்தைப் பிரித்து மல்லிகைச் சரத்தை எடுத்து மலர்க்கொடியின் தலையில் தானே வைத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் மருமகளுக்குப் பூ வைத்தது அதுதான் முதல் தடவை.

ஏர்போர்ட் வாசலில் கன்னியப்பன் அம்மா காலைத் தொட்டான். மலர்க்கொடியிடம் வந்து, "வர்றேன்," என்றான். "போய்ட்டு வா மாமா," என்றாள் அவள். போலீஸ்காரன் டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விட்டான். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான்.

"திரும்பிப் பாக்காத நைனா, அப்பிடியே போ," என்று சொக்கம்மாள் கத்தினாள். பரஸ்தானம் இருந்தவன் பார்க்கக் கூடாது. அவனும் பார்க்கவில்லை.

தாம்பரத்தில் செங்கல்பட்டு பஸ் நிரம்பி வந்தது. சொக்கம்மாள் முழங்கையால் இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இருந்த ஒரு ஆளை எழுப்பினாள். "நீ நின்னுக்கினு வாய்யா. எம் மருமவ ராத்திரிலாம் தூங்கல." ஆள் முறைத்துக்கொண்டே எழுந்தான். பின் சீட்டில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சொக்கம்மாளும் அவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து மலர்க்கொடி பார்த்ததில்லை.

உத்திரமேரூரில் இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. கன்னியப்பன் விட்டுப்போன பழைய துணி, டவரா, பாய் எல்லாம் போட்ட பை காலடியில் இருந்தது. மலர்க்கொடி குனிந்து அதைத் தூக்கித் தலையில் வைக்கப் போனாள்.

சொக்கம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"தூக்காத."

"கனம் இல்ல அத்த."

"தூக்காதன்னு சொல்றேன் இல்ல." கண்ணைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அன்னிக்கு அந்த நாத்துக்கட்ட நான்தான ஏத்தனேன். இந்த தபா நீ ஒண்ணும் தூக்க வாணாம். நானே தூக்கறேன். பத்து மாசமும் தூக்கறேன்."

மலர்க்கொடி வாயைத் திறந்தாள். மடியில் கிடந்த அந்தத் தலையின் கனம் தொடையில் இன்னும் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். பையை விட்டாள்.

சொக்கம்மாள் பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் வேகமாக நடந்தாள். நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று, "மெதுவா வாம்மே, மெதுவா" என்றாள். மலர்க்கொடி வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் போனாள்.