வெர்ன் செய்த பெட்டி

எல்க் மான் வேட்டைக் காலம் நெருங்கியது. தோட்டாக்களுக்குத் தானே வெடிமருந்து நிரப்பும் மார்லிஸ், அமெரிக்காவின் மொன்டானா மாநிலச் சிற்றூர் ஒன்றில் தீயணைப்புத் தலைவர் கெர்மிட்டின் தீர்ப்புக்காகத் தவித்து நின்றாள். மருந்து வைக்கும் இடத்தை அவர் ஒப்புக்கொண்டால்தான், துப்பாக்கிக் கழகத் தோழியர் அவள் வீட்டில் கூடித் தோட்டா நிரப்ப முடியும்.

கணவன் வெர்ன், தான் வாங்கிய எஃகுப் பெட்டகத்தைப் பெருமையோடு காட்டினான்.

"பாருங்க தலைவரே, பீரங்கியால அடிச்சாலும் அசையாது!"

"அதுதான்ப்பா வம்பே! உள்ள தீப்பிடிச்சா அழுத்தம் வெளியேற வழியில்ல. நீ வாங்கினது பெட்டகம் இல்ல, வெடிகுண்டு!"

மார்லிஸின் முகம் வாடியது. மறுகணம், மூலையில் கிடந்த, போர்வைகள் வைக்கும் மரப்பெட்டியைக் காட்டினாள்.

"இது ஆகுமா? ஒரு அங்குலக் கனத்துல பைன் மரப் பலகை."

"மூடி இறுக்கமா?"

"வெர்ன் செஞ்சது, தலைவரே. எங்க இறுகும்?"

கெர்மிட் மூடியை ஆட்டிப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

"பிரமாதம்! அழுத்தம் வந்தா தானா திறந்துக்கும். மருந்து அதனதன் டப்பாவிலேயே இருக்கட்டும், கணப்புப் பக்கம் மட்டும் வேணாம்."

அடைத்து இறுக்கினால் சீறி வெடிப்பதும், வழிவிட்டால் எரிந்து அடங்குவதும் அம்மருந்தின் இயல்பு! இரும்பின் இறுமாப்பு அன்று தோற்றது. வளைந்து கொடுக்கும் மரம் வென்றது!

மார்லிஸ் தொலைபேசியில் கூவினாள்: "நாளைக்கு எல்லாரும் வாங்கடி! என் வீட்டுக்காரருக்கு ஆணி அடிக்கத் தெரியாததால பொழச்சோம்!"

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் வெர்ன்தான்.