சிந்துஜாவின் நோட்டு

ஒரு வீட்டுக்குள் ஒரு பெண்ணின் பெயர் நாளைக்கு எத்தனை தடவை ஒலிக்கலாம்? புஷ்பவள்ளியைக் கேட்டால், கட்டினவள் பெயரைத் தவிர வேறு எவள் பெயரும் ஒரு தடவைகூட ஒலிக்கக் கூடாது என்பாள். கடலூர் முதுநகரில் அவள் வீட்டிலோ ஆறு வாரமாகச் சாயங்காலமானால் போதும், "சிந்துஜா செட் தட், சிந்துஜா செட் தட்" என்று அருள்முருகன் ஆரம்பித்துவிடுவான். நாற்பது வயது ஆள், கையில் கோடு போட்ட நோட்டு, வாயில் வேறொருத்தி பெயர். பெண்டாட்டிக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். அருள்முருகன் சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியில் சூப்பர்வைசர். புரொமோஷன் வேண்டுமென்றால் இங்கிலீஷ் பேசணும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு பாத்திரக்கடை மாடியில் கிளாஸ். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர் பெயர் செந்தமிழ்செல்வன். பெயரைப் பாருங்கள், பிழைப்பைப் பாருங்கள்! அந்த மனுஷன் ரிப்போர்ட்டட் ஸ்பீச் நடத்த ஒரு வழி வைத்திருந்தார். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் எடுத்துச் சொல்வதுதானே அந்தப் பாடம்? அதற்காக இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார். வாராவாரம் ஒவ்வொருத்தரும் தன்னைப் பற்றி ஐந்து உண்மை சொல்ல வேண்டும். ஜோடி அதைக் கேட்டு, இன்னார் இப்படிச் சொன்னார் என்று நோட்டில் எழுதி, வீட்டில் சத்தம் போட்டுப் படித்துப் பழக வேண்டும். அருள்முருகனுக்கு வாய்த்தவள் கடலோரக் கிள்ளையிலிருந்து வருகிற சிந்துஜா. நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கு முயற்சி பண்ணுகிறவள்.

"கடலூர்ல இல்லாத இங்கிலீஷா மாமா சிதம்பரத்துல இருக்கு?" என்று புஷ்பவள்ளி கேட்டாள். அவன் அவளுக்கு அத்தை மகன். மாமா என்றுதான் கூப்பிடுவாள், நீ என்றுதான் பேசுவாள்.

"அங்க சார் நல்லா நடத்துறாரு."

"சாரா, ஜோடியா?"

"போடி, வேலையப் பாரு."

வேலையைத்தான் பார்த்தாள். ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிற மிஷினை மிதித்துக்கொண்டே காதை மட்டும் அங்கே வைத்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் மறந்துபோன இங்கிலீஷெல்லாம் அந்த எரிச்சலிலேயே திரும்பி வந்தது. சிந்துஜா தனக்கு இறால் பிடிக்காது என்று சொன்னாள். கிள்ளையில் பிறந்தவளுக்கு இறால் பிடிக்காதாம், என்ன பிகு! சிந்துஜா தனக்கு முடி கொட்டுவதாகச் சொன்னாள். "நல்லாக் கொட்டட்டும்" என்றாள் புஷ்பவள்ளி. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் எனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று இந்த ஆள் ஒரு வார்த்தை கேட்டிருப்பானா?

ஒரு நாள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஜோடி என்றால் நோட்டு இரண்டு. சிந்துஜா ஐந்து சொன்னால் இவனும் ஐந்து சொல்லியிருப்பான். அது அவளுடைய நோட்டில் இருக்கும். வீட்டில் 'ம்', 'சரி', 'பசிக்குது' என்பதற்குமேல் வாய் திறக்காதவன் அங்கே என்ன சொல்லியிருப்பான்? கல்யாணமானவன் என்றாவது சொன்னானா? அவன் மனசு தன்னிடம்தான் இருக்கிறதா, இல்லை கிள்ளைக்குப் போய்விட்டதா என்பது அந்த நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காமல் விடுகிற ஜாதியில்லை புஷ்பவள்ளி.

அடுத்த ஞாயிறு காலையில் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, பையிலிருந்த நோட்டை உருவித் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். அவன் கிளம்பி அரை மணி கழித்து, நோட்டும் கையுமாகச் சிதம்பரம் பஸ் ஏறினாள். மறந்துவிட்டுப் போன நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், யார் என்ன கேட்க முடியும்? ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர் ஊராகப் பஸ் நின்றபோதெல்லாம் அவளுக்கு டிரைவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

மாடி ஏறியபோது இடைவேளை. அருள்முருகன் டீ குடிக்க வெளியே போயிருந்தான். ஜன்னலோர பெஞ்சில் கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"புஷ்பா அக்காதானே? அண்ணன் போன்ல படம் காட்டியிருக்காரு. நான் சிந்துஜா. உக்காருங்கக்கா."

பெயர் வேறு தெரிந்துவைத்திருக்கிறாள்! "உன் நோட்டக் குடு, பாக்கலாம்" என்றாள் புஷ்பவள்ளி. கேட்டது அவளுக்கே அதட்டலாகத்தான் பட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

"பாருங்கக்கா. பாதிக்குமேல உங்களப் பத்திதான்."

எழுத்துக்கூட்டிப் படித்தாள். அருள்முருகன் தன் மாமா பெண்ணைக் கட்டியிருப்பதாகச் சொன்னார். அவள் தைத்தால் ஒரு தையல்கூடக் கோணாது என்று சொன்னார். புஷ்பவள்ளிக்கு முகம் சூடேறியது. அட, மனுஷனே! அந்த நிமிஷமே நோட்டை மூடிக் கொடுத்திருந்தால் சந்தோஷமாகப் பஸ் ஏறியிருப்பாள். பக்கத்தைத் திருப்பினாள்.

மூன்றாவது வாரம். அருள்முருகன் தன் வேலை போய்விட்டதாகச் சொன்னார். கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தைத்தான் மாசச் சம்பளம் என்று வீட்டில் கொடுப்பதாகச் சொன்னார். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி, சில்வர் பீச்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவதாகச் சொன்னார். வேறு வேலை தேடத்தான் இங்கிலீஷ் படிப்பதாகவும், தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் சிதம்பரத்தில் சேர்ந்ததாகவும் சொன்னார். இதை வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை என்று சொன்னார்.

கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். வேலை போனதுகூட அப்புறம். யாரிடமும் சொல்லாததை இவளிடம் சொல்லியிருக்கிறான். இவள் யார்? ஆறு ஞாயிற்றுக்கிழமை பழக்கம்!

"உங்ககிட்ட இந்நேரம் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்க்கா" என்றாள் சிந்துஜா, பயந்துபோய்.

அருள்முருகன் உள்ளே வந்தான். மனைவியைப் பார்த்தான், அவள் மடியில் விரிந்து கிடந்த நோட்டைப் பார்த்தான். புஷ்பவள்ளி எழுந்து அவன் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அவகிட்ட சொல்லியிருக்க. எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

அவன் தலை நிமிரவில்லை. "அவகிட்ட சொன்னா எழுதிக்கிட்டு, அடுத்தது சொல்லுங்கண்ணான்னுவா. உங்கிட்ட சொன்னா நீ அழுவ."

"அழுவேன்! அழுவேன்தான்!" கீழே பாத்திரக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "உனக்காக அழுவுறதுக்கு எனக்கில்லாத உரிமை எவளுக்கு இருக்கு? ஊருக்கே தெரியட்டும், எனக்குத் தெரிஞ்சப்புறம் தெரியட்டும்! அவ மொதல்ல, நான் ரெண்டாவதா?"

படியிலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அவகிட்ட சொல்லாதது ஏதாச்சும் இன்னும் இருக்கா? இருந்தா சொல்லு. அத நான்தான் மொதல்ல கேக்கணும்."

மேலே கிளாஸ் தொடங்கிவிட்டது.

"பயமா இருக்கு புஷ்பா" என்றான்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு, படித்த வரிகளை ஒன்றொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இல்லை. அந்த நோட்டில் இது இல்லை.