கடைசிக் கட்டுத்தறியில் இருமல்

கறாரம்மா பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கமாட்டாள், பேச்சிலும் கலக்கமாட்டாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அப்படிப்பட்டவள் மாட்டு டாக்டரிடம் போன தடவை கண்ணை இமைக்காமல் ஒரு பொய் சொன்னாள் என்றால் யார் நம்புவார்கள்? அவளே நம்பமாட்டாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யே அல்ல.

"ஏதாவது மாடு இருமுதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லைங்க" என்றாள். தொழுவத்தில் இருமல் கேட்டது உண்மைதான். ஆனால் இருமியது மாடு இல்லை, அவள் புருஷன்.

புருஷன் காசநோயில் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மனுஷன் பெண்டாட்டியை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொண்டையைச் செருமுவார், இவள் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடவேண்டும். கடைசிக் காலத்தில் செருமல் இருமலாகிவிட்டது. அப்போதும் ஓடினாள். கறந்த சூட்டோடு நுரையை விரலால் வழித்துக் குடிப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம், அதுவும் சீமாட்டியின் பால்தான் வேண்டும். சீமாட்டி, கடைசிக் கட்டுத்தறியில் நிற்கும் வயதான பசு. கூப்பிட்டுக் கொஞ்சினால்தான் பால் விடும், அத்தனை ராங்கி. "காய்ச்சிக் குடிங்களேன்" என்று இவள் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியதை அவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, சீமாட்டியும் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் போனபிறகுதான் மாடுகளுக்கும் காசநோய்ச் சோதனை நடந்தது. ஊசி போட்ட இடத்தில் கழுத்து வீங்கிய மாடுகளையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீங்காததால் சீமாட்டி தப்பியது. மிஞ்சிய மாடுகளை வைத்துக்கொண்டு கறாரம்மா தொழுவத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாள், தொட்டிகளைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்தாள், காய்ச்சாத பாலை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று மகளுக்குச் சட்டம் போட்டாள். அடுத்தடுத்து இரண்டு சோதனை தேறினால் நோயில்லாத மந்தை என்று சான்றிதழ் கிடைக்கும். அது இல்லாமல் பால் பண்ணை வண்டி இந்த வாசலில் நிற்காது.

சுண்ணாம்பு காய்வதற்குள் இருமல் ஆரம்பித்துவிட்டது. பசுவின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கறந்துகொண்டிருப்பாள். முதுகுக்குப் பின்னால், சுவரோரத்திலிருந்து, சின்னதாக இரண்டு, பிறகு இழுத்து ஒன்று. அச்சு அசல் அவர்தான். முதல்நாள் வியர்த்துக் கொட்டியது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காகவே தொழுவத்துக்கு வந்தாள். திரும்பிப் பார்க்க மட்டும் மாட்டாள், பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். "இதோ, ஆச்சுங்க" என்று முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

முதல் சோதனை தேறியது. இரண்டாவதற்கு டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போய், மூன்றாம் நாள் காலை வந்து, ஒவ்வொரு கழுத்தாகத் தோலைப் பிடித்துத் தூக்கி அளந்து பார்த்தார். ஒன்றிலும் வீக்கம் இல்லை. சீமாட்டியின் கழுத்தும் வழவழவென்று இருந்தது.

"தேறிட்டீங்கம்மா!" என்று சிரித்தார். "வழக்கமான கேள்விதான். இருமல் எதுவும் இல்லையே?"

"கழுத்துதான் வீங்கலையே டாக்டர், அப்புறம் இருமல் எதுக்கு?"

"நோய் ரொம்ப முத்திட்டா கழுத்து வீங்காதும்மா. எதிர்த்து நிக்க உடம்புல தெம்பே இருக்காது. அப்படி ஒண்ணு இருந்தா ஊசியும் ஏமாறும், நானும் ஏமாறுவேன். கூடவே இருக்கற உங்களுக்குத்தான் தெரியும்."

கறாரம்மா கணக்குப் போட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சான்றிதழும் கைக்கு வரும், புருஷனும் இங்கேயே இருப்பார். வாயைத் திறக்கப் போன நேரத்தில் மகள் டம்ளருடன் உள்ளே வந்தாள். அவசரக்குடுக்கை, பால் காயும்வரை பொறுக்கமாட்டாள். அம்மா டாக்டரோடு பேசுகிற தைரியத்தில் வாளி ஓரத்தில் விரலை விட்டு நுரையை வழித்தாள். அப்பா வழிக்கிற அதே வழிப்பு.

கறாரம்மா பாய்ந்துபோய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"டாக்டர், ஒண்ணு இருமுது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "அந்தக் கடைசியில நிக்கறது. மனசுக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

டாக்டர் சீமாட்டியின் பக்கத்தில் போய்ப் பொறுமையாக நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அது கழுத்தை நீட்டியது. சின்னதாக இரண்டு, பிறகு இழுத்து ஒன்று. கறாரம்மா முதல்முறையாக அதைக் கண்ணால் பார்த்தாள்.

மறுநாள் வண்டி வந்தது. சீமாட்டி அப்போதும் கொஞ்சினால்தான் ஏறுவேன் என்று நின்றது. கொஞ்சி ஏற்றிவிட்டாள். சான்றிதழ் தள்ளிப்போனது, இரண்டு சோதனையும் இனி முதலிலிருந்து.

அன்று சாயங்காலம் சுவரோரக் கடைசிக் கட்டுத்தறி காலி. கறாரம்மா இன்னொரு பசுவின் விலாவில் நெற்றியை வைத்துக் கறந்தாள். புருஷனைத் தன் கையாலேயே வண்டியேற்றி அனுப்பிவிட்டதைப் போல இருந்தது.

முதுகுக்குப் பின்னால், சுவரோரத்திலிருந்து, சின்னதாக இரண்டு, பிறகு இழுத்து ஒன்று.

கை நின்றது. மாடாக இருந்தால் இன்னொன்றும் போகவேண்டும். அவராக இருந்தால்? அவராகவே இருக்கட்டுமே என்று மனசு கெஞ்சியது. வாய்வரை வந்துவிட்ட "இதோ, ஆச்சுங்க"வை விழுங்கிக்கொண்டு, இந்தத் தடவை திரும்பிப் பார்த்தாள். மாடுகள் தங்கள் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தன. சுவரோரத்தில் வெறும் கயிறு கிடந்தது.

தொழுவத்து வாசலில் மகள் நின்றாள். "அம்மா, யாரு இருமினது?"

"தெரியலைடி." கறாரம்மா பால் வாளியை மூடி, மகளுக்கு எட்டாத இடத்தில் தூக்கி வைத்தாள். "யாரா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிடணும்."