நூறைத் தாண்டினால்

மெட்ராசில் சவரிநாதனின் நெஞ்சைத் திறந்து, கிருமி தின்றுவிட்டுப் போன வால்வை எடுத்தெறிந்து, உலோகத்தில் புதிதாக ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். 1983 ஜூலையில் அவர் காரைக்கால் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஊர் திரண்டு பார்க்க வந்தது. பார்த்தது என்னவோ அவருடைய அண்ணன் இஞ்ஞாசியைத்தான்.

நோயாளியிடம் பார்க்க அதிகம் இல்லை. முனிசிபல் ஆபீஸ் குமாஸ்தா; ஆறு மாதம் முன்புவரை பிறப்பு இறப்புப் பதிவேட்டில் முத்துமுத்தாக எழுதிக்கொண்டிருந்தவர். இப்போது கட்டிலில் போர்வை மட்டும் கிடப்பதுபோல் கிடந்தார். கிருமி பல்லிலிருந்துதான் இறங்கியது என்று ஆபரேஷனுக்கு முன்பே வாயிலிருந்த பல் அத்தனையையும் பிடுங்கியிருந்தார்கள். பேச்சு பாதி காற்றாக வந்தது. நெஞ்சுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் டிக், டிக் என்று கேட்கும். அதை ஒரு தரம் கேட்டு, "வாட்சு கணக்கா அடிக்குதே" என்று சொல்லிவிட்டால் விசாரிப்பு முடிந்தது. பிறகு நாற்காலியை இஞ்ஞாசியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள்.

இஞ்ஞாசி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களுக்கு ஊரில் சொல்தா என்று பெயர். நேரில் கூப்பிடும்போது முசே. சைகோனில் அவர் என்ன செய்தார் என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது. கடைத்தெருவில் பீரங்கி, பங்குச் சாமியாரிடம் காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்தது. கூடப் பட்டாளத்தில் இருந்த விழிதியூர்க்காரர் ஒருவர், "நம்ம இஞ்ஞாசி உரிச்ச வெங்காயத்துக்கு ஒரு மெடல் போதாதே" என்று கல்யாண வீடொன்றில் சொல்லிவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தவர் இஞ்ஞாசி. ஆகவே தம்பியின் உடம்பு அவருடைய இலாகா ஆயிற்று. சவரிநாதனின் மனைவி சகாயம்மாளுக்குக் கஞ்சி காய்ச்சுவதும் முதுகு துடைப்பதும் ஒதுக்கப்பட்டன.

அவளுக்கு ஒரே ஒரு பயம். புறப்படும் நாளில் டாக்டர் அவளைத் தனியாக நிறுத்திச் சொன்னது: "புது வால்வுல மறுபடி கிருமி உக்காந்துச்சுன்னா ரொம்பக் கஷ்டம்மா. காய்ச்சல் நூறைத் தாண்டினா விடியட்டும்னு பாக்காதீங்க. அப்பவே கெளம்பி வாங்க." டைப் அடித்துக் கொடுத்த தாளிலும் அதுதான் இருந்தது. சூடு நூறைத் தாண்டினால் உடனே வரவும்.

இஞ்ஞாசி அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "நூறுதானே? நான் பாத்துக்கறேன். ஒலகத்துலயே நல்ல தெர்மாமீட்டர் எங்கிட்ட இருக்கு."

இருந்தது. மார்சேல்ஸ் துறைமுகத்தில் வாங்கியதாம்; தகர டப்பாவில், பஞ்சுக்குள், இருபத்தைந்து வருஷம் யாருக்கும் காய்ச்சல் பார்க்காமல் தூங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் அதை உடம்பில் எங்கே வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், அதை அவர் வெளியில் சொல்லவில்லை. தம்பிக்கு அக்குளில் வைத்தார்.

அளவைக் குறிக்கச் சுவரில் ஒரு படம் போட்டார். கட்டங்கட்டமாய்க் கோடு போட்ட தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒரு டிகிரிக்கு ஒரு விரல்கடை என்று கணக்கு வைத்தார். "வெள்ளைக்காரன் எதையும் சைபர்லேந்துதான் ஆரம்பிப்பான்" என்று தரையிலிருந்தே தொடங்கினார். நூறு வருவதற்குள் தாள் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. ஸ்டூல் மேல் ஏறி நின்று, வாசல் நிலையின் மேல்சட்டத்துக்குச் சமமாகச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார்.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கோட்டு மாட்டிக்கொண்டுதான் பார்ப்பார். முதல் நாள் முப்பத்தேழு. சிவப்புக் கோடு அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்க, புள்ளி கட்டில் சட்டத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

"ஆஸ்பத்திரியில நல்லா இருந்த அன்னிக்கே தொண்ணூத்தெட்டுன்னுதானே எழுதினாங்க?" என்று சகாயம்மாள் கேட்டாள்.

"அது ஆஸ்பத்திரி. இது வீடு. வந்த அன்னிக்கே அறுபத்தோரு டிகிரி எறங்கியிருக்கு, பாத்தியா?"

இந்த அறுபத்தோரு டிகிரி ஊரெல்லாம் சுற்றியது. பங்குச் சாமியார் வந்து சுவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், வைத்தியர்களால் ஆகாதது குடும்பப் பாசத்தால் ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இஞ்ஞாசியின் பெயரைச் சொன்னார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எடுத்துக்காட்டு தலையைத் தாழ்த்திக்கொண்டது.

மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. சவரிநாதன் கட்டிலை விட்டு இறங்கி, வாசல் வரை நடந்து, தெருவில் போன சைக்கிளை எல்லாம் புதுச் சாமான்போல் பார்த்துவிட்டு வந்தார். ஆகஸ்ட் நடுவில் அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் உடம்பு உதறியது.

"முப்பத்தெட்டரை" என்றார் இஞ்ஞாசி, தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து. "ஒண்ணரை விரல்தான் ஏறியிருக்கு. மழைக்காத்து."

"ஒடம்பு நெருப்பா இருக்கே அத்தான்."

"உன் கை கெணத்தடியில இருந்து வர்ற கை. ஈரக் கைக்கு எல்லாம் சுடும்."

அதன் பிறகு புள்ளிகள் கட்டில் சட்டத்தை விட்டு ஒரு விரல், ஒன்றரை விரல், இரண்டரை விரல் மேலே அலைந்தன. சிவப்புக் கோட்டுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு சின்னப் பையன் நிற்கலாம். பார்க்க வந்தவர்கள் அந்த வெற்றுத் தாளைப் பார்த்து நிம்மதி அடைந்தார்கள். "இன்னும் எவ்வளவு எடம் கெடக்கு!" என்று ஒருவர் சொன்னார்; காலிமனையைப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

சகாயம்மாள் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு நகங்களைப் பார்த்தாள். ஜனவரியில், நோய் இன்னதென்று தெரியுமுன், அவருடைய நகங்களுக்கடியில் மரச்சிராய் ஏறியதுபோல் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள் இருந்தன. இப்போது வலது கையில் இரண்டு நகத்தில் அதே கோடுகள். இஞ்ஞாசியிடம் காட்டினாள்.

"பேப்பர்ல நகத்தைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கானா?" என்று அவர் கேட்டார். எழுதவில்லை.

பக்கத்து வீட்டு மெஹர் பானு பார்லித் தண்ணி கொண்டுவந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னா புள்ள இது, இந்தப் புழுக்கத்துல ரெண்டு கம்பளியா?"

"குளுருதுங்கறாரு பானுக்கா."

"காய்ச்சலா?"

"இல்லேங்கறாரு எங்க அத்தான். நூறுக்கு இன்னும் அறுபது இருக்காம்."

"யா அல்லாஹ்! காய்ச்சல் இல்லாம யாருக்காவது இப்படிப் பல்லு கிட்டிப் பாத்திருக்கியா நீ? அவருக்குப் பல்லே இல்ல, அதுவும் கிட்டுது!"

அன்று மத்தியானம் இஞ்ஞாசி தூங்கும்போது சகாயம்மாள் தகர டப்பாவைத் திறந்தாள். பிரெஞ்சு தெரியாதே தவிர எண் தெரியும். பாதரசம் இருந்த பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அதற்கு மேல் கண்ணாடி முடிந்துபோயிற்று.

அவள் மூத்தாரைத் தட்டி எழுப்பினாள். கல்யாணமாகி வந்த பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"அத்தான், இதுல நூறே இல்லையே?"

இஞ்ஞாசி எழுந்து உட்கார்ந்தார். தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தார். அவர் பார்த்த நேரம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

"போட மாட்டான்" என்றார் கடைசியில். "அவன் வைத்தியத்துல எவனுக்கும் அவ்வளவு தூரம் ஏறாது. நாப்பத்திரண்டோட நிறுத்திட்டான். அதுக்குப் பேரு நம்பிக்கை."

அவள் டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள். மருந்துக்கடையில் கம்பவுண்டர் அம்பலவாணன் இருந்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாங்கிப் பார்த்த உடனே சிரித்தார்.

"இது ஏதும்மா? மியூசியத்துல வச்சிருக்க வேண்டியது. இது சென்டிகிரேடு. நம்ம டாக்டருங்க பாக்குறது ஃபாரன்ஹீட்டு. அது வேற கணக்கு, இது வேற கணக்கு."

"மெட்ராசுல நூறைத் தாண்டினா வரச் சொன்னாங்க."

"அது அவங்க நூறு. இதுல முப்பத்தெட்டைத் தாண்டினாலே அந்த நூறைத் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். இதுல நூறுன்னா தண்ணியே கொதிக்கும்." பிறகுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "யாருக்குப் பாத்தீங்க? சவரிநாதன் சாருக்கா? எவ்வளவு காட்டுச்சு?"

"முப்பத்தொம்பது. ஒருநாள் அதுக்கும் மேல."

"எத்தினி நாளா?"

"பதினோரு நாளா."

அம்பலவாணன் மருந்துச் சீட்டின் பின்னால் ஏதோ பெருக்கி, வகுத்து, கூட்டினார். விடை வந்ததும் அதை அவளிடம் காட்டாமல் கசக்கி மேஜைக்கடியில் போட்டார். "நான் போஸ்டாபீசுக்குப் போய் மெட்ராசுக்கு டிரங்கால் போடறேன். நீங்க வீட்டுக்குப் போயி காருக்குச் சொல்லுங்க" என்று சட்டையை மாட்டினார். போகிற வழியில் அவள் வீட்டுக்குள் நுழைந்து இஞ்ஞாசியிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

இஞ்ஞாசி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்து, அம்பலவாணன் போன திசையில் நீட்டினார்.

"எந்த டிகிரின்னு போட்டிருக்கானா இதுல? போடல! நூறாம், மொட்டையா நூறு. பிரான்சுல இப்படி ஒரு காயிதம் ஆபீசை விட்டு வெளியில போவாது. இது யாரு தப்பு?"

சகாயம்மாள் உள்ளே போய், கணவரின் துணிகளைப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

"என்னங்க, மெட்ராசுக்குப் போவணும். அந்தத் தெர்மாமீட்டரு வேற கணக்காம்."

"தெரியும்" என்றார் சவரிநாதன்.

அவள் கையிலிருந்த வேட்டியோடு திரும்பினாள்.

"என்னா தெரியும்?"

"நாப்பத்திரண்டோட முடியுதுன்னு. நாலு நாளா தெரியும். நானும் எண்ணு எழுதிப் பொழைச்சவன்தானே." காற்றாக வந்த வார்த்தைகளை அவள் குனிந்து பொறுக்கவேண்டியிருந்தது. "அண்ணன் காய்ச்சல் இல்லேங்கறாரு. இல்லேன்னே இருந்துட்டுப் போவட்டும்னு பாத்தேன். அந்த ரம்பத்தை இன்னொரு தரம் என் நெஞ்சுல வைக்க என்னால ஆவாது சகாயம்."

"என்னைப் பத்தி யோசனை பண்ணலியா நீங்க?"

"பண்ணேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சில் டிக், டிக் என்று அது மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம்.

அம்பாசடர் கார் விடியற்காலை வந்தது. பின் சீட்டில் சவரிநாதனின் தலை சகாயம்மாள் மடியில். முன் சீட்டில் இஞ்ஞாசி வெள்ளைக் கோட்டும் மெடலுமாக ஏறினார். சுவரிலிருந்து பத்திரமாக உரித்தெடுத்த படத்தைச் சுருட்டித் துப்பாக்கி மாதிரி முழங்காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டார். அது மேலே இடித்ததால் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு வந்தது. "டாக்டருக்கு ஆதாரம் வேணும்ல" என்று சிதம்பரத்தில் ஒரு தரமும் திண்டிவனத்தில் ஒரு தரமும் சொன்னார். டிரைவர் மட்டும் தலையாட்டினான்.

ஆஸ்பத்திரியில் நோயாளியை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே டாக்டர் வெளியே வந்தார். அதற்குள் இஞ்ஞாசி பயிற்சி டாக்டர் ஒருவரைப் பிடித்து, தாழ்வாரத்தில் படத்தை விரித்து, நாலு முனையிலும் செருப்பு, கூஜா, பை, தன் தொப்பி என்று வைத்திருந்தார். டாக்டர் குனிந்தார். வெறுமையாய்க் கிடந்த அத்தனை தாளையும் ஒரு பார்வையில் தாண்டிவிட்டு, கீழேயிருந்த புள்ளிகளிடம் வந்து நின்றார். காய்ச்சல் ஏறிய இடத்திலிருந்து ஒவ்வொன்றின் மேலும் பேனா முனையை வைத்தார். பதினோராவது நாளின் கடைசிப் புள்ளியில் பேனா நின்றது.

"ரெண்டு வேளையும் பாத்திருக்கீங்களே" என்றார். "நேரம் கூடப் போட்டிருக்கு. எங்க நர்சுங்ககூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க. என்னைக்கு ஆரம்பிச்சுதுன்னு துல்லியமாத் தெரியுது." பயிற்சி டாக்டரைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவன் தாளைப் பார்ப்பதை விட்டுத் தரையைப் பார்த்தான்.

சகாயம்மாளை டாக்டர் ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"புது வால்வைச் சுத்தித் தையலெல்லாம் விட்டுடுச்சும்மா. முதல் நாளே வந்திருந்தா மருந்தோட போயிருக்கலாம். இப்ப மறுபடி திறந்தா மேஜையிலேயே... அவரு ஒடம்பு தாங்காது. மருந்து ஏத்தறோம். எத்தனை நாளுன்னு கேக்காதீங்க. யாராவது பாக்கணும்னா வரச் சொல்லிடுங்க."

"அறுக்க மாட்டீங்களா?"

"மாட்டோம்."

"அதை அவருகிட்ட சொல்லிடுங்க டாக்டர்" என்றாள். "கொஞ்சம் நிம்மதியா இருப்பாரு."

அவள் திரும்பி வந்தபோது இஞ்ஞாசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். படம் சுருட்டப்பட்டுக் காலடியில் கிடந்தது. மெடலின் ஊக்கு கழன்று பக்கவாட்டில் தொங்கியதை அவர் கவனிக்கவில்லை.

"என்னா சொன்னாரு டாக்டர்?"

அவரை அவள் பார்த்தாள். காரில் வரும்போது முந்நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு, இந்தக் கேள்வியை அவர் கேட்டால் சொல்வதற்கென்று அவள் நிறைய வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் பெஞ்சில் கோட்டு மட்டும்தான் விறைப்பாக உட்கார்ந்திருந்தது. உள்ளே இருந்த ஆள் அதில் பாதிகூட இல்லை.

"நல்லா எழுதியிருக்கீங்களாம்" என்றாள்.

இஞ்ஞாசி தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்தார், முனையைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்கயும் எழுதவா சகாயம்?"

"எழுதுங்க."

"எந்தக் கணக்குல? நம்ம டிகிரியா, இவங்க டிகிரியா?"

உள்ளேயிருந்து நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். சகாயம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகக் கதவைத் தள்ளினாள்.

"உங்களுக்கு எது வருமோ அதுல எழுதுங்க அத்தான்."