போட்டாச்சு

செருப்புக் கடையின் கல்லாவுக்கு மேலே கேமராவைப் பொருத்தி முடித்துவிட்டு, ஏணி அண்ணன் மேலே இருந்தபடியே, "போய் நில்லுடா" என்றார். இந்தத் தொழிலில் ஒருவர் ஏணியில், ஒருவர் தரையில். மேலே இருப்பவர் கேமராவின் கழுத்தைத் திருப்பித் திருப்பி நிறுத்துவார். கீழே இருப்பவன் வாடிக்கையாளனாக, கல்லாக்காரனாக, திருடனாக மாறி மாறி நின்று காட்ட வேண்டும். அவன் கல்லாவுக்கு முன்னால் போய் நின்று, மேஜை மேலிருந்த திரையைப் பார்த்தான். படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் தான் நிற்க வேண்டிய இடத்தில் உச்சியில் வழுக்கை விழுந்த ஆள் ஒருவர் நின்றார். கடைக்காரரின் சொந்தக்காரராக இருக்கும், பின்னால் வந்து மறைக்கிறார் என்று நினைத்து, "கொஞ்சம் தள்ளிக்கங்க சார்" என்று மரியாதையாகத் திரும்பினான். பின்னால் ஈ காக்கை இல்லை. திரையைப் பார்த்தபடி மெதுவாகக் கையைத் தூக்கினான். வழுக்கை ஆளும் தூக்கினார். "கை எதுக்குடா? தலை தெரியுதா, அதைச் சொல்லு" என்றார் ஏணி அண்ணன். தெரிந்தது. தலை மட்டும்தான் தெரிந்தது.

ஏணி அண்ணனுக்கு இருபத்தைந்து வயதிலேயே முடி போய்விட்டது. அதைப் பற்றி அவருக்குத் துளியும் கவலை கிடையாது, அதுவே அவருடைய சொத்து மாதிரி தடவிக்கொண்டே பேசுவார். கீழே இறங்கி வந்து திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், விஷயம் பிடிபட்டுவிட்டது. "வாடா தம்பி, நம்ம சங்கத்துக்கு" என்று முதுகில் ஒரு தட்டு தட்டினார். சந்தா கிடையாது, கூட்டம் கிடையாது, சேர்ந்தால் விலக முடியாது, அவ்வளவுதான் என்று கடைக்காரருக்கும் விளக்கினார். கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவனும் சிரித்து வைத்தான். நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு அவன் கூத்தாடியிருக்க வேண்டும். அவன் திருநம்பி என்பது ஏணி அண்ணனுக்குத் தெரியாது. பொம்பளைப் பிள்ளை என்று சொல்லி வளர்த்த வீட்டிலிருந்து வெளியே வந்து, இருபத்து நாலு வயதில் ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து, குரல் உடைந்து, மீசை அரும்பி, இதோ நாலு வருடம். ஆம்பளைகள் ஆம்பளையைக் கேலி செய்வதுபோல் யாராவது தன்னைக் கேலி செய்ய மாட்டார்களா என்று ஏங்கியவன்தான். அந்தக் கேலி தேடி வந்தபோது கை தானாகச் சட்டைப் பையிலிருந்த சீப்பைத் தேடியது.

போயும் போயும் முடி. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் அவன் உடம்பில் அவனுக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான், என்ன செய்வது? ஆள் குள்ளம், தோள் குறுகல், சட்டைக்குள்ளே மார்பை இறுக்கிக் கட்டிய துணி. கண்ணாடி முன்னால் நின்றால் பார்வை நேராகத் தலைக்குப் போய் அங்கேயே நின்றுகொள்ளும், கழுத்துக்குக் கீழே இறங்காது. இடுப்பு வரை தொங்கிய பின்னலைப் பத்தொன்பது வயதில் ஒரு சலூனில் போய் வெட்டிக்கொண்டபோது, முடிதிருத்துபவர் எதுவும் கேட்காமல், "சைடு கம்மி பண்ணிடவா தம்பி?" என்றார். உலகத்தில் அவனைத் தம்பி என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர். அன்றிலிருந்து அந்த முடியை அவன் தாங்கிய தாங்கல் கொஞ்சநஞ்சமல்ல. முன்பக்கம் தூக்கி வாரி, சட்டைப் பையில் சீப்பு வைத்து, வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே 'ஸ்டைலு' என்று பட்டப்பெயரும் வாங்கினான். இப்போது ஆறு மாதமாகத் தலையணையில் முடி, குளியலறைச் சல்லடையில் முடி. நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறியிருந்ததைச் சீப்பால் மூடி மறைத்து வந்தான். உச்சியை யார் பார்த்தது? அங்கே வட்டமாகத் திறந்திருந்தது அப்படியே அப்பாவின் தலை.

இது ஊசியோடு வரக்கூடியது என்று அவனுக்குத் தெரியும். முதல் நாளே மருத்துவர் சொல்லி, கையெழுத்தும் வாங்கியிருந்தார். அவனைப் போன்றவர்கள் நாற்பது பேர் இருக்கும் கைபேசிக் குழுவில் போன வருடம் ஒரு சின்னப் பையன், முடி கொட்டுகிறது அண்ணா, பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தான். ஆம்பளை ஆகணும்னா வழுக்கையும் சேர்த்துத்தான் பார்சலில் வரும் என்று ஒருத்தன் பதில் போட, இருபது பேர் சிரித்தார்கள். அந்த இருபதில் இவனும் ஒருவன். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே போய்க் கேட்பது? மருத்துவரிடம் கேட்கலாம்தான். ஆனால் ஊசி கிடைப்பதற்கு முன்னால் எத்தனை அறை, எத்தனை மேஜை, எத்தனை பேர்! ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்வி. நிச்சயமா? நல்லா யோசிச்சாச்சா? பின்னாடி வருத்தப்பட மாட்டியே? அங்கே ஒரு வினாடி தயங்கினால் தாளில் ஏதோ எழுதுவார்கள். அதனால் தலைவலி என்றால்கூடச் சொல்லக்கூடாது என்று அவன் பழகியிருந்தான். எப்படி இருக்கு என்றால், சூப்பரா இருக்கு டாக்டர். நாலு வருடமாக அதே பதில். இப்போது முடி கொட்டுகிறது என்று சொன்னால் வருத்தம் என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்து, யாரையும் கேட்காமல் ஊசியை நிறுத்தினான். முட்டாள்தனம் என்று அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் செய்தான்.

நிறுத்துவதற்கு அக்காவை ஏமாற்ற வேண்டியிருந்தது, அதுதான் கேவலம். அக்கா நர்ஸ். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அவளுடைய ஒற்றை அறையில் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து அவள்தான் ஊசி போடுவாள். அம்மா போன பிறகு வீட்டில் அவனுக்கு இருந்த ஒரே ஆள். முதல் ஊசிக்கு முன்னால் அப்பாவுக்கும் அவளுக்கும் நடந்த சண்டையில் அப்பா சொன்னார், "பாதியில விட்டுட்டு வந்து நிப்பா, எழுதி வச்சுக்கோ" என்று. அக்கா அசரவில்லை. "விட மாட்டான்ப்பா. நான் பொறுப்பு" என்றாள். அதோடு அவனும் வீட்டை விட்டு வந்தான், அப்பாவும் அவனோடு பேசுவதை விட்டார். அக்காவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் இதனால் தட்டிப்போனது. அவள் அதை அவனிடம் சொன்னதே இல்லை, வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். அப்படிப்பட்டவளிடம், வேலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக் இருக்கு, இனிமே அங்கேயே போட்டுக்கறேன், உனக்கும் ஒரு நாள் ஓய்வு என்று வாய் கூசாமல் சொன்னான். அவள் சரி என்றாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போன் மட்டும் வரும். போட்டாச்சா? போட்டாச்சு. ஐந்து முறை அப்படிச் சொன்னான். மருந்துக் குப்பிகள் ஐந்தும் அலமாரியில், காலுறைகளுக்கு அடியில் கிடந்தன.

முடி திரும்பி வரவில்லை. வந்தது வேறு.

அன்று நாலு மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றில் வேலை. காலையிலிருந்தே அடிவயிற்றில் ஒரு இழுப்பு. நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். பதினோரு மணிக்குக் கழிவறைக்குப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஊசி தொடங்கி நாலு வருடமாகப் பார்க்காத ரத்தம். மறந்தே போனது. இதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே உயிரோடு இருக்கலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தவன் அவன். அந்த அறைக்குக் கதவு இருந்ததே தவிரத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்துக்கொண்டே, கேமராக் கண்ணாடி துடைக்க வைத்திருந்த வெள்ளைத் துணியை நாலாக மடித்து வைத்துக்கொண்டான். வெளியே யாரோ விசிலடித்தபடி கை கழுவினார். அவர் போகும்வரை மூச்சு விடவும் அவனுக்குக் கூசியது.

கீழே மருந்துக் கடை இருந்தது. பெண்டாட்டிக்கு, தங்கைக்கு என்று எத்தனை ஆம்பளைகள் நாப்கின் வாங்கிப் போகிறார்கள், யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று படி இறங்கும்போதே தனக்குச் சொல்லிக்கொண்டு போனான். கடைப் பெண் நிமிர்ந்து என்ன வேண்டும் என்றதும் இருமல் மிட்டாய் என்றான். ஒரு அட்டை வாங்கிக்கொண்டு திரும்பினான். மாடிப்படியில் நின்று அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அக்காவுக்குப் போன் செய்து, வயிற்றுவலி, கொஞ்சம் வர முடியுமா என்றான். எந்த மாதிரி வலி என்று கேட்டாள். அடிவயிறு என்றான். நர்ஸிடம் எதை மறைப்பது? கட்டிடம் எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

அரை மணியில் வந்தாள். வேலைச் சீருடையோடு, கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தோடு. ஏணி அண்ணன்தான் முதலில் பார்த்தார். அக்காவா, தம்பிக்குச் சாப்பாடா, குடுத்து வச்சவன்மா உன் தம்பி என்றார் மேலிருந்தபடியே. அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவனைப் பார்க்காமல் பொட்டலத்தை நீட்டினாள். அவன் கழிவறைக்குப் போய்விட்டு வந்தபோது, ஆள் நடமாட்டமில்லாத பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு படி மேலே அவன் உட்கார்ந்தான்.

"வேண்டாம்னு தோணிடுச்சாடா?"

அதே கேள்வி. ஆனால் அவள் கையில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. "அப்படின்னா சொல்லிடு. நான் கோவப்பட மாட்டேன். உனக்கு எது நல்லதோ அது. ஆனா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

இல்லக்கா, அது இல்ல என்று அவசர அவசரமாகச் சொன்னான். இதைவிட ஏதாவது பெரிய வியாதி வந்திருக்கக்கூடாதா, கௌரவமாகச் சொல்லியிருக்கலாமே என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றியது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"முடி கொட்டுதுக்கா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து வந்து, அவன் தலையைப் பிடித்துக் குனிய வைத்துப் பார்த்தாள். காயத்தைப் பார்ப்பதுபோல் விரலால் விலக்கி விலக்கி, நிதானமாகப் பார்த்தாள். பத்து வாரம் சீப்பும் தொப்பியுமாகக் காப்பாற்றிய இடத்தில் அவள் மூச்சு பட்டது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சிரித்தாலும் சரி, அறைந்தாலும் சரி, இரண்டில் ஒன்று சீக்கிரம் நடந்தால் போதும் என்றிருந்தது.

"இதுக்கா?" என்றாள் கடைசியில். இதற்கு மருந்து மாத்திரை இருக்கிறது, கேட்டால் சொல்லியிருப்பேன், மருத்துவரே சொல்லியிருப்பார் என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். பிறகு திரும்பிப் போய்த் தன் படியில் உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டாள்.

"போன வாரம் அப்பா கேட்டார்டா. நாலு வருஷத்துல முதல் தடவை. 'அது ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டுக்குதா'ன்னு. அவள்னு சொல்லல. அவன்னு சொல்லவும் வாய் வரல. அதுன்னார். எனக்கு அதுவே பெருசா இருந்துச்சு. ஒரு வேளைகூடத் தப்பினது இல்லப்பான்னு சொல்லிட்டு, ராத்திரி பூரா சந்தோஷத்துல தூங்கல நான்."

அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா பொறுப்பு என்றாளே, அந்த ஒரு சொல்லுக்காக அவள் எதையெல்லாம் விட்டாள்! அதை அவன் ஒரு சீப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பொய்யாக்கிவிட்டான். அப்பா எழுதி வைக்கச் சொன்னது அப்படியே நடந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வர்றேன், நீயே போட்டு விடு, இனி செய்ய மாட்டேன் என்று என்னென்னவோ சொன்னான். அதெல்லாம் சரி, நான் போட்டு விடறேன் என்றாள் அவள். ஆனால் எழுந்து போகவில்லை. கைபேசியை எடுத்து ஏதோ அழுத்தி அவன் பக்கம் நீட்டினாள். மணி போய்க்கொண்டிருந்தது.

"அவர்கிட்ட நான் சொன்னது பொய். அதை நான் திருத்த மாட்டேன். நீயே சொல்லு."

வேண்டாங்கா என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். காதில் வைத்தான். "சொல்லும்மா" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பின்னால் குழாயில் தண்ணீர் திறந்திருந்தது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார் போல.

"நான்தான்" என்றான்.

"யாருப்பா பேசறது?" என்றார் அவர், ஒரு கடைக்காரரிடம் பேசும் மரியாதையோடு. பிறகு பதற்றமாக, "இது என் பொண்ணு போனாச்சே, உங்ககிட்ட எப்படி வந்துச்சு? அவளுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார்.

அவனுடைய இந்தக் குரலை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு படி கீழே அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா" என்றான்.

அந்தப் பக்கம் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு குழாயை மெதுவாகத் திருகி மூடும் சத்தம் கேட்டது.